சுனை மாதாவின் மீதித் தண்ணீர்

நான் குடிப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கல்லீரலில் சீழ்க்கட்டி இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து யாருமே இதை நம்பவில்லை. டாக்டரம்மா நம்பவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் நம்பவில்லை. என் மனைவியின் தம்பி லூர்து மட்டும், "நான் நம்புறேன் மச்சான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினான்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்ததைப் பற்றி எங்கள் ஊரில் இப்போது பல கதைகள் உலவுகின்றன. குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டு சுனை மாதா மேல் பழி போடுகிறான் என்பது ஒரு கதை. மாதா காப்பாற்றியும் நன்றி இல்லாதவன் என்பது இன்னொன்று. நடந்தது என்ன என்பதை நானே எழுதி வைத்துவிடுவது நல்லது என்று தோன்றியது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

அறந்தாங்கி ரோட்டில் விசேஷ வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறேன். அண்டா, தேக்சா, கரண்டி, ஜல்லடை எல்லாம் உண்டு. திரும்பி வரும் பாத்திரத்தை நான் நம்புவதே இல்லை. "கழுவித்தாண்ணே கொண்டாந்திருக்கோம்" என்பார்கள். நான் உள்ளே தலையை விட்டு மோந்து பார்ப்பேன். விளிம்பு மடிப்பில் நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். அங்கேதான் பழைய சாம்பார் ஒளிந்திருக்கும். இந்தச் சந்தேகப் புத்தியை வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள்.

காய்ச்சல் சாயங்காலங்களில்தான் வந்தது. முதலில் குளிர் நடுக்கம், பிறகு சூடு, பிறகு சட்டை நனைய வேர்வை. காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். வலது விலாவுக்கு அடியில் ஒரு வலி. மூச்சை இழுத்தால் அது வலது தோள்பட்டை வரைக்கும் ஏறியது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் கேஸ் என்று சொல்லி ஊசி போட்டார்கள். வயிற்றில் இருக்கும் கேஸ் தோளுக்கு எப்படிப் போகும் என்று கேட்டேன். அந்த டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

சோறு இறங்காமல் போனதும் என் மனைவி புஷ்பம் என்னைப் பஸ்ஸில் ஏற்றிப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் விலாவைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு, வரிசை, ரத்தம், மறுபடி வரிசை. ஸ்கேன் அறையில் வயிற்றில் சில்லென்று எதையோ தடவினார்கள். கருவியை ஓட்டிக்கொண்டிருந்த பெண் ஓர் இடத்தில் நிறுத்தினாள். வெளியே போய் இன்னொருவரைக் கூட்டிவந்தாள். இருவரும் அதே இடத்தையே பார்த்தார்கள், மெதுவாகப் பேசினார்கள். நான் புஷ்பத்தைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

புற்றுநோய்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அன்று மாலை லூர்து ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, வழக்கமான நக்கல் பேச்சு எதுவும் இல்லாமல், என் காலைப் பிடித்துவிட்டான். அதற்குப் பிறகு சந்தேகமே இல்லை.

"உண்மையச் சொல்லுடா. டாக்டர் ஒங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

"சீழ்தான்னு சொன்னாங்க மச்சான்."

"அப்ப ஏன் காலப் பிடிக்கிற?"

"பிடிக்கலைன்னா, மச்சினன் திரும்பிக்கூடப் பாக்கலைன்னு ஊரெல்லாம் சொல்லுவீங்க."

மறுநாள் டாக்டரம்மா வந்து கட்டிலருகே நின்று விளக்கமாகச் சொன்னார். சின்ன வயது, பொறுமையான குரல். "அமீபான்னு ஒரு கிருமி. கண்ணுக்குத் தெரியாது. அசுத்தமான தண்ணி, சாப்பாடு வழியா வயித்துக்குள்ள போகுது. குடல்லேருந்து ரத்தத்துல ஏறி ஈரல்ல போய்த் தங்கிடுது. அங்க கட்டியாகி சீழ் பிடிக்குது. ட்ரிப்ஸ்ல மருந்து ஏத்துவோம். ஸ்கேன் பாத்துக்கிட்டே ஊசி விட்டுச் சீழை வெளிய எடுத்துடலாம். கேன்சரெல்லாம் இல்ல."

நான் கேட்கவே இல்லை. கேட்காத ஒன்றை இவராக ஏன் சொல்கிறார் என்று யோசித்தேன்.

"குடிப்பழக்கம் உண்டா?"

"இல்லங்க."

"கள்ளு?"

"இல்லங்க."

"குடிக்கிற ஆம்பளைங்களுக்குத்தான் இது அதிகமா வரும். அதான் கேக்குறேன். பரவால்ல, சொல்லுங்க."

"மாதா சத்தியமா இல்லங்க."

பக்கத்துக் கட்டிலில் இருந்த திருமயத்துக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சிரித்தார். அவருக்கும் ஈரல்தான். அவர் குடிப்பதை ஒளிக்காமல் ஒத்துக்கொண்டவர்.

டாக்டரம்மா கடைசியாக, "வீட்டுல குடிக்கிற தண்ணி எது?" என்று கேட்டார்.

"கேன் தண்ணிங்க. சுனைத் தண்ணியும் உண்டு" என்றாள் புஷ்பம். "அது மாதா தண்ணி. அதுனால ஒண்ணும் வராது."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வி எனக்குள் உட்கார்ந்துவிட்டது.

சுனை மாதா கோயிலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் ஊரின் மேற்கே செம்பாறை மேட்டில் இருக்கிறது. ஒரு நாவல் மரம், அதன் அடியில் பாறையைக் குடைந்தாற்போல் ஓர் ஊற்று, இறங்க நாலைந்து படிகள், மேலே சின்னக் கோயில். தண்ணீரில் லேசாகத் துரு ருசி இருக்கும். பாறை அப்படி. காய்ச்சல், சொறி சிரங்கு, பிள்ளையில்லாக் குறை என்று எல்லாவற்றுக்கும் அதைக் குடிப்பார்கள், பூசுவார்கள். எந்தச் சாமி கும்பிடுகிறவர்களும் வருவார்கள்.

கோயில் தோன்றிய கதை மூன்று விதமாக இருக்கிறது. மாடு மேய்த்த சிறுமி ஒருத்திக்கு மாதா காட்சி கொடுத்து, காலடியில் தண்ணீர் பீறிட்டது என்று கோயில் சுவரில் எழுதியிருக்கிறது. என் அப்பா சொன்னது வேறு. பஞ்சகாலத்தில் கிழக்கேயிருந்து சில குடும்பங்களைக் கூட்டிவந்த ஓர் உபதேசியார், ஈரமண்ணைப் பார்த்துப் பார்த்துத் தோண்டிக் கண்டுபிடித்தார் என்பார். உபதேசியார் என்றால் சாமியார் இல்லாத ஊரில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிறவர். பக்கத்து ஊர்க்காரர்களோ, "அது எங்க கருப்பரு சுனை. மாதா பின்னாடி வந்து குடியேறுனவங்க" என்பார்கள். கோபமாக அல்ல, வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றிச் சொல்வதுபோல்.

ட்ரிப்ஸ் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது மூன்றையும் மாற்றி மாற்றி யோசித்தேன். காட்சி கண்ட சிறுமியின் பெயர் ஏன் யாருக்கும் தெரியவில்லை? உபதேசியார் கதையில் எங்கள் குடும்பமே ஏன் முதல் குடும்பமாக வருகிறது? அப்பா சேர்த்துக்கொண்டிருக்கலாம். கருப்பர் சுனை என்றால் அங்கே ஒரு பழைய கல்லாவது இருக்க வேண்டாமா? மூன்றையுமே நம்ப முடியவில்லை. ஆனால் மூன்று கதையிலும் ஒரு விஷயம் மாறாமல் வந்தது. பஞ்சகாலத்தில் வீட்டுக்கு ஒரு குடம்தான். செலவழிந்தது போக மீதி இருந்தால் தரையில் கொட்டக்கூடாது, சுனையிலேயே திரும்பச் சேர்க்க வேண்டும். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஆகும். மூன்று பேரும் ஒன்றுபோல் சொல்வதால் அது மட்டும் உண்மையாக இருக்கும் என்று பட்டது.

இன்னொன்றும் சொல்வார்கள். வாந்திபேதிக் காலத்தில் சுற்றுப்பட்டில் குளத்துத் தண்ணீர் குடித்தவர்கள் வரிசையாகப் போனபோது, சுனைத் தண்ணீர் குடித்தவர்கள் பிழைத்தார்களாம். அதிலிருந்துதான் கூட்டம் வர ஆரம்பித்தது.

அப்படிப்பட்ட தண்ணீரைச் சந்தேகிக்க எனக்கே பயமாகத்தான் இருந்தது. முதலில் கோயிலுக்குப் புதிதாகக் கட்டிய கக்கூஸைச் சந்தேகப்பட்டேன். ஆனால் அது மேட்டுக்குக் கீழே, சுனையைவிடத் தாழ்வில் இருக்கிறது. அங்கேயிருந்து தண்ணீர் மேலே ஏறாது. பிறகு கேன் தண்ணீர்க்காரனைச் சந்தேகப்பட்டேன். ஊரே அவனிடம்தான் வாங்குகிறது. பிறகு புஷ்பத்தின் கைப்பக்குவத்தைச் சந்தேகப்பட்டேன். அதை வெளியே சொல்லவில்லை.

சீழ் எடுத்த அன்று விலாவில் மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே நீளமான ஊசியை இறக்கினார்கள். அதன் வழியாக மெல்லிய குழாய் ஒன்றை வைத்துப் பையோடு இணைத்தார்கள். பையில் வந்தது கறிப்பிரட்டலின் நிறத்தில் கெட்டியாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் டாக்டரம்மா பொய் சொல்லவில்லை என்று நம்பினேன். அன்று முதல் தடவையாகத் தோள்வலி இல்லாமல் தூங்கினேன்.

மருந்து ஏறும்போதெல்லாம் வாயில் ஒரு கசப்பு, துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல். சிஸ்டரிடம் கேட்டேன். "அந்த மருந்து அப்படித்தான்யா, பயப்படாதீங்க" என்றார். ஆனால் மருந்து ஏறாத ஒரு காலையில், புஷ்பம் ஊட்டிய கஞ்சியிலும் அதே துரு இருந்தது. இரண்டாவது கரண்டியில் வாயை மூடிக்கொண்டேன்.

"கஞ்சியில என்ன கலந்த?"

"உப்பு."

"வேற?"

"அரிசி."

"புஷ்பம்."

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "ஆமா, கலந்தேன். ஆறுன பெறகு மேலாக்க ரெண்டு கரண்டி. சீழு எதுல எறங்குச்சுன்னு நினைக்கிறீங்க? ஊசியில மட்டுமா எறங்குச்சு?"

"அந்தத் தண்ணி எனக்கு வேணாம்."

"நீங்க எதத்தான் வேணும்னிங்க? கல்யாணத்தன்னைக்கே தாலி தங்கமான்னு ஒரசிப் பாத்த ஆளு."

திருமயத்துக்காரர் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் கோபத்தோடு கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். வீட்டு மாதா படத்துக்குக் கீழே இருக்கும் பெரிய சுனைத் தண்ணீர்க் கேனிலிருந்து பிடித்து வந்தது. டம்ளரில் கொஞ்சம் ஊற்றி எனக்கு எதிரிலேயே அவள் குடித்தாள். "பாருங்க, நான் செத்தா போனேன்?" என்றாள். குடித்தது போக டம்ளர் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. சன்னல் பக்கத்திலேயே இருந்தும் அதை வெளியே ஊற்றவில்லை. பாட்டில் மூடியைத் திறந்து, வாய் வைத்த மிச்சத்தை மெதுவாக, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், பாட்டிலுக்குள்ளேயே திரும்ப ஊற்றினாள்.

நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் நாங்கள் எல்லோரும் செய்வது அதுதான். வருகிற விருந்தாளி, காய்ச்சல்காரப் பிள்ளை, யார் குடித்தாலும் மிச்சம் கேனுக்குள் போகும். கேன் குறைந்தால் குழாய்த் தண்ணீரைச் சேர்ப்போம். சுனைத் தண்ணீர் துளி இருந்தாலும் மொத்தமும் சுனைத் தண்ணீர்தான் என்பது கணக்கு. கேனைக் கழுவியதே இல்லை, கழுவினால் அந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவது? வருஷம் முடிந்து கோயில் திருவிழாக் கொடியேற்றத்தன்று காலையில், ஊர் முழுக்க, சுற்றுப்பட்டு முழுக்க, அவரவர் கேனையும் குடத்தையும் தூக்கிக்கொண்டு வந்து மீதியைச் சுனையில் சேர்ப்போம். பிறகு அதே சுனையில் புதிதாக மொண்டுகொண்டு போவோம். ஊரார் எச்சிலைச் சுனைக்குள் சேர்த்து, அதையே திருப்பி வீட்டுக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கிறோம். பஞ்சத்தில் ஒரு குடத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுத்தார்கள். நாங்கள் ஒரு வருஷம் அழுக வைத்துக் கொடுக்கிறோம்.

அண்டா விளிம்பைச் சுரண்டிப் பார்க்கிற நான் அந்தக் கேனுக்குள் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அடுத்த நொடி என் மகள் ஜெனி நினைவுக்கு வந்தாள். தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள். புஷ்பம் அவளுக்குத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் அந்தக் கேனிலிருந்து ஒரு டம்ளர் கொடுக்கிறாள்.

"போனக் குடு" என்றேன்.

ஜெனி எடுத்தாள். "குடிச்சுட்டேன்ப்பா, அம்மா சொன்னபடி தெனமும் குடிக்கிறேன்" என்றாள் பெருமையாக. இனி தொடாதே என்றேன். ஏன் என்றாள். விலாவில் குழாயோடு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சிஸ்டர் ஓடிவந்து திட்டினார். புஷ்பம் போனைப் பிடுங்கி, "ஒங்கப்பாவுக்குக் காய்ச்சல் மண்டைக்கு ஏறிருச்சு, நீ குடி" என்றாள்.

வாழ்க்கையில் எத்தனையோ தடவை பயந்திருக்கிறேன். எல்லாம் நடக்காத விஷயங்களுக்காக. அன்று பட்டது வேறு பயம்.

டாக்டரம்மாவிடம்தான் சொன்னேன். கேனை, மிச்சத்தை, கொடியேற்றத்தை, வாந்திபேதிக் கதையை எல்லாம் சொன்னேன். சிரிக்காமல் கேட்டார். "இதுனாலதான் வந்துச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா வர்றதுக்கு எல்லா வழியும் இதுல இருக்கு" என்றார். புஷ்பத்தைப் பார்த்து, "மகளை நாளைக்கே கூட்டிட்டு வாங்கம்மா. மலம், ரத்தம் ரெண்டும் பாத்துடுவோம்" என்றார். பிறகு, "வாந்திபேதிக் காலத்துல இந்தத் தண்ணி காப்பாத்துச்சுன்னு சொல்றீங்கள்ல, அது உண்மையாவே இருக்கும். அப்ப குளத்தவிட இது சுத்தமா இருந்திருக்கும்" என்றார்.

புஷ்பம் மறுநாளே ஜெனியைக் கூட்டிவந்தாள். முடிவு வரும் வரைக்கும் வராண்டா பெஞ்சில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். எதற்காக ஜெபிக்கிறாள், யாரிடம் என்ன கேட்கிறாள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஜெனிக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. புஷ்பம் என்னிடம் வந்து, "பாத்தீங்களா, மாதா காப்பாத்திட்டா" என்றாள். ஆனால் பாட்டிலைக் காணவில்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அதன் பிறகு கஞ்சியில் துரு இல்லை.

குழாயை எடுத்து, மாத்திரைகளோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். கொடியேற்றம் நெருங்கிக்கொண்டிருந்தது. பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனுஷர், கொஞ்சம் பயந்தவர். சுனைத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினார். குடிக்க லாயக்கில்லை, மனிதக் கழிவில் இருக்கும் கிருமி இருக்கிறது என்று வந்தது. சுனையை இறைத்துச் சுத்தம் செய்து மருந்து போட ஏற்பாடு செய்தார். மீதி சேர்ப்பதை நிறுத்த மட்டும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

"நான் வேற ஊர்லேருந்து வந்தவன். நான் நிறுத்துனா கலாட்டா ஆயிரும். ஒங்க குடும்பந்தான் மொதல்ல மீதி சேக்குற குடும்பம். நீங்க என்ன செய்றீங்களோ அதத்தான் மத்தவங்க செய்வாங்க."

"ஏஞ்சாமி, என்னக் கோத்துவிடுறீங்களா?"

"ஆமா" என்று சிரித்துவிட்டார்.

கொடியேற்றத்தன்று காலை கடையிலிருந்த பெரிய பித்தளை அண்டாவை லூர்துவும் நானும் மேட்டுக்குக் கொண்டுபோய், சுனைப்படிக்குப் பக்கத்தில் நாவல் மரத்தடியில் இறக்கினோம். கூட்டம் படியிலிருந்து ரோடு வரைக்கும் நின்றது. ஒவ்வொருவர் கையிலும் கேன், குடம், பாட்டில். எல்லோரும் அண்டாவைப் பார்த்தார்கள், பிறகு என்னை.

"பந்தி இங்கதானா? எலை எங்கப்பா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். இன்னொரு குரல், "ஈரல் வறுவல் உண்டா?" என்றது. சிரிப்பு ஓடியது.

"மீதிய இனிமே இதுல சேப்போம். சேந்தது மரத்து வேருக்கு. மாதா மரந்தான அதுவும். சுனைக்குள்ள வேணாம்" என்றேன். ஒத்திகை பார்த்தது நிறைய. வாயில் வந்தது அவ்வளவுதான்.

"ஒங்க அப்பா இப்படிச் செய்வாரா?" என்றார் முன்வரிசையில் நின்ற கோயில் கமிட்டிக்காரர். யாரும் அசையவில்லை. சாமியார் கொடிக்கயிற்றின் முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி, குடத்தோடு சுனைப்படியில் ஒரு காலை வைத்துவிட்டாள்.

எங்கள் வீட்டுக் கேன் புஷ்பத்திடம் இருந்தது. நான் கேட்டும் தரவில்லை, அவளே தூக்கிவந்திருந்தாள். ஜெனி அவள் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புஷ்பம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகச் சுனைப்படிக்குத்தான் போனாள். போச்சு என்று நினைத்தேன். வீட்டிலேயே என் பேச்சு எடுபடவில்லை என்றால் ஊரில் எங்கே எடுபடும்?

படியில் நின்றிருந்த பெண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அந்தக் குழந்தையைப் பார்த்தாள். அதன் வாயோரம் ஒட்டியிருந்ததை முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்து, "இங்கிட்டு வா தாயி" என்று அவளையும் கூட்டிக்கொண்டு அண்டாப் பக்கம் திரும்பினாள்.

கேன் மூடியைக் கழற்றினாள். ஊற்றவில்லை. அண்டாவுக்குள் தலையை விட்டாள். மோந்து பார்த்தாள். விளிம்பு மடிப்பில் நகத்தால் ஒரு சுற்றுச் சுரண்டினாள்.

பிறகு நிமிர்ந்து, ஊரே கேட்கும்படியாக என்னைக் கேட்டாள்:

"ஏங்க, நல்லாக் கழுவுனீங்களா?"